வெளிநாட்டில் படித்தவர்கள் தமிழ்நாட்டில் கல்லூரிப் பேராசிரியர் ஆவது எப்படி? தகுதி, தேர்வு, பயிற்சி - முழு விவரம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போனால் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசனை மையங்களின் போர்டுகள் கண்ணில் படும். லண்டனா, டொராண்டோவா, மெல்போர்னா, எவ்வளவு செலவு, விசா எப்போது கிடைக்கும் என எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருக்கும். ஆனால் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி, "இங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தலாமே" என்று நினைப்பவருக்கு என்ன வழி? அதைச் சொல்ல பெரும்பாலும் ஆளில்லை.

இத்தனைக்கும் அதே ஃபேர்லேண்ட்ஸில்தான் 1961-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி இருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 4 மாவட்டக் கல்லூரிகளுக்கான பெரியார் பல்கலைக்கழகம், 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எல்லாமே பக்கத்தில்தான். வேலை செய்ய கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்பது ஒரு கேள்வி. அந்தப் பட்டத்தோடு வகுப்பறைக்குள் போனால் பாடம் நடத்தத் தெரியுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. வரிசை மாறினால் ஒரு வருடம், இரண்டு வருடம் கூட வீணாகலாம்.

"லண்டனில் மாஸ்டர்ஸ் முடிச்சிருக்கேனே, அது போதாதா?"

போதாது. கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் ஆக, பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகள்தான் அடிப்படை. அதன்படி:

- சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுநிலைப் பட்டம், குறைந்தது 55% மதிப்பெண். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பெற்ற, இதற்கு இணையான பட்டம்.
- பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5% சலுகை.
- அதோடு தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி.

2023 ஜூலை 1 முதல் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது செட்தான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை என்று யுஜிசி அறிவித்தது.

வெளிநாட்டில் பிஎச்டி முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவும் 2018 விதியில் உண்டு. க்யூஎஸ், டைம்ஸ் உயர்கல்வி, ஷாங்காய் ஆகிய 3 உலகத் தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில், எந்த ஆண்டிலாவது முதல் 500 இடங்களுக்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி பெற்றவர்களைத் தகுதியானவர்களாக அது ஏற்கிறது. ஆனால் 2023 திருத்தத்துக்குப் பிறகு, விண்ணப்பிக்கப் போகும் அறிவிக்கையில் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது.

2025 ஜனவரியில் யுஜிசி புதிய நியமன விதிகளுக்கான வரைவை வெளியிட்டது. அதைத் திரும்பப் பெற வலியுறுத்தி அதே மாதம் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. வரைவு என்பது விதி ஆகாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பொறியியல், மேலாண்மைக்கு வேற ரூல்

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ 2019-ல் வெளியிட்ட விதிமுறைகள் பொருந்தும். இங்கே நெட் தேவையில்லை. இளநிலை, முதுநிலை இரண்டும் சம்பந்தப்பட்ட பொறியியல் பிரிவில் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். எம்.இ., எம்.டெக். மட்டுமல்ல, எம்.எஸ். பட்டமும் இந்த விதியில் ஏற்கப்படுகிறது. அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து வருபவர்களுக்கு இது நல்ல செய்தி.

எம்பிஏ பாடம் நடத்த, முதல் வகுப்பு முதுநிலைப் பட்டத்தோடு, அதை முடித்த பிறகு 2 ஆண்டு தொழில் அனுபவமும் வேண்டும்.

முதல் படி: சமநிலைச் சான்று

எந்தத் துறையாக இருந்தாலும் வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்றைப் பெறுவது.

நீண்ட காலமாக இந்தச் சான்றை டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயு, வழங்கி வந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கென்றே தனி விதிமுறையைக் கொண்டுவந்தது. இணையதளம் வழியாக விண்ணப்பம், நிபுணர்களைக் கொண்ட நிலைக்குழுவின் பரிசீலனை, 10 வேலை நாட்களுக்குள் குழுவின் பரிந்துரை, 15 வேலை நாட்களுக்குள் முடிவு என்று அந்த விதி சொல்கிறது. பல வேலைவாய்ப்பு அறிவிக்கைகளில் இன்னும் "ஏஐயு சான்று" என்ற வார்த்தைதான் இருக்கும். எந்த அமைப்பின் சான்று கேட்கப்பட்டிருக்கிறது என்பதை அறிவிக்கையில் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

சான்று தரும்போது என்ன பார்ப்பார்கள்?

- பட்டம் கொடுத்த நிறுவனம் அந்த நாட்டில் முறையாக அங்கீகாரம் பெற்றதா?
- அந்தப் படிப்பில் சேரக் கேட்கப்பட்ட கல்வித் தகுதி, இந்தியாவில் அதே படிப்புக்குக் கேட்கப்படுவதைப் போன்றதா?
- கிரெடிட், ஆய்வேடு, பயிற்சி போன்றவை இங்குள்ள படிப்போடு ஒத்துப்போகிறதா?

பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கடன் வாங்கி, உரிம ஒப்பந்த முறையில் வேறொரு நிறுவனம் நடத்தும் படிப்புகளுக்கு சமநிலை கிடையாது. விளம்பரத்தில் இருக்கும் பல்கலைக்கழகமும், சான்றிதழில் இருக்கும் வளாகமும் ஒன்றுதானா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். லட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கிப் படித்த பிறகு இது தெரிய வந்தால், செலவழித்த காசும் வருடமும் திரும்பாது.

ஒரு வருட மாஸ்டர்ஸ் செல்லுமா?

அடிக்கடி வரும் சந்தேகம் இது. இந்தியாவில் முதுநிலை என்றால் வழக்கமாக 2 ஆண்டு. பிரிட்டனில் பெரும்பாலும் 1 ஆண்டு. இதனால் முன்பு பலருக்குச் சிக்கல் வந்தது. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் ஏற்கப்பட்டது. ஆனால் பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம், கட்டிடக்கலை போன்ற தொழில்முறைப் பட்டங்கள் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆஸ்திரேலியாவுடன் 2023 மார்ச்சில் இதே போன்ற ஏற்பாடு செய்யப்பட்டது.

ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காக சான்று தேவையில்லை என்று அர்த்தமில்லை. விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

டாக்டர், வக்கீல், நர்ஸ் படித்தவர்களுக்கு?

மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம், கட்டிடக்கலை படிப்புகள் யுஜிசியின் சமநிலை விதிக்குள் வராது. ஒவ்வொன்றுக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர் இங்கே மருத்துவராக, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் எடுக்க வேண்டும். ஆனால் அதை வைத்து மட்டும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் உதவிப் பேராசிரியர் ஆகிவிட முடியாது. அதற்கு முதுநிலை மருத்துவப் பட்டம் வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளின் முதுநிலை மருத்துவத் தகுதிகளை இந்தியா அங்கீகரிக்கிறது. அந்த நாட்டில் அதே சிறப்புத் துறையில் மருத்துவராகப் பதிவு செய்ய ஏற்கப்பட்ட பட்டமாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நெட் தேர்வு எப்படி இருக்கும்?

தேசியத் தேர்வு முகமை வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் தேர்வு இது. மொத்தம் 3 மணி நேரம், இரண்டு தாள்கள். முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் சொந்தப் பாடத்தில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அறிவியல் பாடங்களுக்கு நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் அமைப்பு வேறு. அதில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டு.

மாநில செட் தேர்வை 2025 மார்ச்சில் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தியது. செட் தேர்ச்சி இந்த மாநிலத்துக்குள் செல்லும். நெட் நாடு முழுக்க செல்லும்.

வெளிநாட்டுப் பட்டதாரிகள் தங்கள் பட்டம் இந்திய முதுநிலைப் பட்டத்துக்கு இணையானதா என்று உறுதி செய்துகொண்டு நெட் எழுத வேண்டும் என தகவல் குறிப்பேடே சொல்கிறது. அதாவது சமநிலைச் சான்று முதலில், நெட் அடுத்தது. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். தேர்ச்சியும் பெற்றுவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, பாடம் நடத்த யார் சொல்லித் தருவாங்க?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. பள்ளியில் ஆசிரியராக பி.எட். படிக்க வேண்டும். ஆனால் கல்லூரியில் பாடம் நடத்த, வகுப்புக்குள் நுழையும் முன் எந்த ஆசிரியர் பயிற்சியும் கட்டாயமில்லை. "பி.எட். சேரணுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில், கல்வியியல் கல்லூரிகள் தவிர மற்ற கல்லூரிகளுக்குத் தேவையில்லை என்பதுதான்.

நெட் முதல் தாளின் 10 அலகுகளில் ஒன்று கற்பித்தல் திறன். நுழையும் முன் கற்பித்தலைப் பற்றி எழுத்துத் தேர்வில் கேட்கப்படுவது அவ்வளவுதான். அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பொறியியல் கல்லூரிக்குப் போகிறவருக்கு அதுகூட இல்லை.

பயிற்சி வருவதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான்.

கலை, அறிவியல் கல்லூரிகளில்: புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சியை யுஜிசி வகுத்திருக்கிறது. இதற்கான வழிகாட்டி 'குரு தக்ஷதா' என்ற பெயரில் 2019-ல் வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடங்கப்பட்ட கல்விப் பணியாளர் கல்லூரிகள்தான் இந்தப் பயிற்சிகளுக்கான இடம். பிறகு அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆகின. 2023 செப்டம்பர் 5-ல் தொடங்கிய மாளவியா மிஷன் திட்டத்தில் இப்போது ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. நாடு முழுக்க 111 மையங்கள் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு மையம் இருக்கிறது.

பொறியியல் கல்லூரிகளில்: புதிய ஆசிரியர்களுக்கு ஏஐசிடிஇ 8 பாடப்பிரிவுகள் கொண்ட பயிற்சியை வைத்திருக்கிறது. ஸ்வயம் தளம் வழியாக நடக்கும் இதில் பாடத்திட்டம், தொழில் நெறி, தகவல் பரிமாற்றம், வகுப்பைத் திட்டமிட்டு நடத்துவது, தொழில்நுட்பம் வழி கற்பித்தல், மாணவர் மதிப்பீடு, ஆய்வு, நிர்வாக நடைமுறை எல்லாம் வரும். தொழிற்சாலைப் பயிற்சியும், அனுபவமுள்ள ஆசிரியரின் வழிகாட்டுதலில் பயிற்சியும் இதன் அடுத்த கட்டங்கள். சென்னை தரமணியில் 1964-ல் தொடங்கிய தேசிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், தென் மாநிலங்களின் பாலிடெக்னிக், பொறியியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் முக்கிய இடம்.

வெளிநாட்டில் படித்தவருக்கு பயிற்சி ஏன் கூடுதலாகத் தேவை?

பாட அறிவு குறை என்பதல்ல. வகுப்பறை வேறு.

வெளிநாட்டில் 20 பேர் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்பில் படித்தவர், இங்கே 60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நிற்கப் போகிறார். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அந்த 60 பேரில் கணிசமானவர்கள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள், வீட்டிலேயே முதல் பட்டதாரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5% இட ஒதுக்கீடு இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. இவர்களெல்லாம் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் மட்டும் வேகமாகப் பேசிவிட்டுப் போகும் ஆசிரியரிடம் இவர்கள் எழுந்து சந்தேகம் கேட்பது கஷ்டம். புரியாமலேயே தலையாட்டிவிடுவார்கள். அரியர் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

ஒரு கருத்தை ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் விளக்கி, மறுபடி ஆங்கிலத்தில் எழுதவைப்பது ஒரு தனித் திறமை. இதை வெளிநாட்டுப் பட்டம் தராது. அதோடு அக மதிப்பெண், பல்கலைக்கழக வினாத்தாள் அமைப்பு, நாக், என்பிஏ அங்கீகாரத்துக்கான ஆவணங்கள் என்று இங்குள்ள நடைமுறைகளையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இதே பிரச்னையைக் கனடா எதிர்ப் பக்கத்தில் இருந்து சந்தித்தது. அங்கே குடியேறும் பொறியாளர்கள், கணக்காளர்கள், மருத்துவர்களில் பலர் வேறு நாடுகளில் படித்தவர்கள். தமிழர்களும் இதில் அதிகம். இவர்களின் தொழில் அனுபவத்தைக் கல்லூரி வகுப்பறைக்குக் கொண்டுவர, டொராண்டோவில் உள்ள ஜார்ஜ் பிரவுன் கல்லூரி, வெளிநாட்டில் படித்த தொழில்வல்லுநர்களுக்காகவே ஒரு கல்லூரி ஆசிரியர் பயிற்சித் திட்டத்தை நடத்தியிருக்கிறது.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் புதிய விரிவுரையாளர்களுக்கு உயர்கல்விக் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழ் படிப்பு வைத்திருக்கின்றன. 'அட்வான்ஸ் ஹெச்இ' அமைப்பு கற்பித்தல் தகுதிக்காக 4 நிலைகளில் ஃபெல்லோஷிப் வழங்குகிறது. அங்கே படிக்கும்போதே இதில் ஒன்றைப் பெற்றவர்களுக்கு அது நல்ல அனுபவம். ஆனால் இங்கே அது நெட்டுக்கு மாற்று ஆகாது.

தமிழ்நாட்டில், வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர்களுக்கென்று தனியாக நெட்டுக்கு முந்தைய பயிற்சி எதையும் விதிகள் கேட்பதில்லை. எனவே தேடிப் போய்க் கற்றுக்கொள்வது அவரவர் பொறுப்பாகிவிடுகிறது. ஸ்வயம் தளத்தில் கற்பித்தல் தொடர்பான படிப்புகளை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இக்னோ பல்கலைக்கழகத்துக்கு உயர்கல்விக்கான முதுநிலை டிப்ளமோ படிப்பு ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் சேர்க்கை நடக்கிறதா என்று பார்த்துச் சேரலாம்.

தொழில் அனுபவம் மட்டும் இருந்தால்?

15 ஆண்டு வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறார், பிஎச்டி இல்லை, நெட் இல்லை. அவருக்கும் ஒரு கதவு உண்டு. 'பிராக்டிஸ் பேராசிரியர்' என்ற பணிக்கான வழிகாட்டுதல்களை 2022 செப்டம்பரில் யுஜிசி வெளியிட்டது.

- தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், முக்கியமாக மூத்த பொறுப்பில் இருந்திருந்தால் நல்லது.
- கல்வித் தகுதி கட்டாயமில்லை.
- ஏற்கெனவே ஆசிரியர் பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு இது பொருந்தாது.
- ஒரு நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10%-க்கு மேல் இப்படி நியமிக்கக் கூடாது.
- 3 ஆண்டு வரை, சிறப்பு நேர்வில் மேலும் 1 ஆண்டு.

நிரந்தர வேலை அல்ல என்பதை மறக்கக் கூடாது.

சம்பளம் எவ்வளவு?

யுஜிசி ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத்தான் போக வேண்டும். மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது. எனவே பள்ளியிலிருந்தே வெளியூரில், வெளிநாட்டில் படித்தவர்கள் தமிழையும் தயார் செய்ய வேண்டும்.

சுயநிதிக் கல்லூரிகளில் ஊதியம் நிர்வாகத்தைப் பொறுத்தது. கல்விக் கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் சேரும் முன் இதைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த வரிசையில் செய்யணும்?

1. படித்த நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். அப்போஸ்டில் முத்திரை தேவைப்பட்டால் அங்கேயே போட்டுவிடுவது சுலபம். இந்தியா 2005 முதல் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கனடாவில் இது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.
2. சமநிலைச் சான்றுக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பியுங்கள். "நாங்க வாங்கித் தர்றோம்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.
3. கலை, அறிவியல் பாடம் என்றால் நெட் அல்லது செட். பொறியியல் என்றால் ஏஐசிடிஇ தகுதியைச் சரிபாருங்கள்.
4. தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே கற்பித்தல் பற்றிய ஒரு ஸ்வயம் படிப்பு முடியுங்கள். தெரிந்த கல்லூரியில் அனுமதி கேட்டு, நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனியுங்கள்.
5. வெளிநாட்டில் பாடம் நடத்திய அனுபவத்துக்கு எழுத்துப்பூர்வச் சான்று வாங்கி வையுங்கள். 2018 யுஜிசி விதியில், நேர்காணலுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் கற்பித்தல் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 மதிப்பெண் வரை உண்டு.
6. வேலையில் சேர்ந்ததும் அறிமுகப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி கல்லூரியிடம் கேளுங்கள். பதவி உயர்வுக்கும் இந்தப் பயிற்சிகள் கணக்கில் வரும்.

இந்த வரிசையில் முதல் மூன்றையும் விதி கட்டாயப்படுத்துகிறது. நான்காவதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் முதல் நாள் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்குப் பாடம் புரிகிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.